"சரி" என்று சொல்லியிருந்தால் எட்டாம் ஹென்றியின் மற்ற ராணிகளும் பிழைத்திருப்பார்களா?

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவிகள். நான்காவது மனைவியான கிளீவ்ஸ் ஆன், விலகச் சொன்னதும் "சரி" என்று சொல்லி விலகிக்கொண்டார். மாளிகையும் வருமானமும் வாங்கிக்கொண்டு கடைசி வரை நிம்மதியாக இருந்தார். மற்றவர்களும் அப்படிச் செய்திருந்தால் தலை தப்பியிருக்குமே? முதல் மனைவி காத்தரின் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்? இதுதான் அவருடைய சந்தேகம்.

மேலோட்டமாகப் பார்த்தால் யார் சாமர்த்தியசாலி, யார் பிடிவாதக்காரி என்ற கேள்வி போலத் தெரிகிறது. உண்மையில் கேட்கப்படுவது, அந்தப் பெண்களின் கையில் முடிவு என்று ஏதாவது இருந்ததா என்பதுதான். கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பிய வரலாறு நடத்தியிருக்கிறேன். இந்தப் பாடம் வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர் இதையே கேட்பார். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சரி" என்ற சொல்லுக்கு ஆறு பேரிடமும் ஒரே விலை கேட்கப்படவில்லை. ஒருவரிடம் கேட்ட விலை அவருடைய மகளின் பிறப்புரிமை. இன்னொருவர் ஏறக்குறைய "சரி" என்று சொன்ன பிறகும் கொல்லப்பட்டார். ஒரு ராணி பிழைத்தாரா இல்லையா என்பதை அவருடைய குணத்தைவிட, அவருக்குப் பின்னால் யார் நின்றார்கள் என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். புனித ரோமப் பேரரசரின் தூதராக லண்டனில் இருந்த ஷாப்புயி பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதங்களையும் ஸ்பானிய ஆவணங்களையும் நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்திருக்கிறேன். மூல மொழியில் படித்தவர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்வேன்.

முதலில் சட்ட விஷயம். இன்று நாம் சொல்லும் விவாகரத்து அன்றைய கத்தோலிக்கத் திருச்சபையில் கிடையாது. "இந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது" என்று தீர்ப்பு வாங்குவதுதான் வழி. ஹென்றியின் ஆறு திருமணங்களில் காத்தரின், ஆன் பொலின், கிளீவ்ஸ் ஆன் ஆகிய மூவருடையதும் அப்படிச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அவருடைய சட்டப்படி பார்த்தால் ஹென்றிக்கு மனைவிகள் மூன்று பேர்தான். இப்படித் தீர்ப்பு வாங்குவது அரச குடும்பங்களில் அதிசயமும் இல்லை. பிரான்சின் பன்னிரண்டாம் லூயி 1498இல் தன் மனைவி ழானை இப்படித்தான் விலக்கிவிட்டு, பிரித்தானி நாட்டு ஆன் என்பவரை மணந்தார். ஹென்றியின் சொந்த அக்கா மார்கரெட் தன் இரண்டாவது கணவரிடமிருந்து 1527இல் விடுதலை பெற்றார். கொடுத்தவர் போப் ஏழாம் கிளமெண்ட். பிறகு ஹென்றிக்குக் கொடுக்க மறுத்த அதே கிளமெண்ட்.

அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கு ஏன் கிடைக்கவில்லை? காத்தரினின் அக்கா மகன் ஐந்தாம் சார்ல்ஸ் அப்போது ஸ்பெயினின் அரசர், புனித ரோமப் பேரரசர். அவருடைய படைகள் 1527 மே மாதம் ரோம் நகரைச் சூறையாடின. போப் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். தன்னைச் சிறைவைத்த பேரரசரின் சித்தியை "நீ மனைவியே இல்லை" என்று சொல்ல எந்தப் போப்புக்குத் துணிச்சல் வரும்? பின்னால் ஆள் இருப்பது என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

காத்தரினின் "பிடிவாதம்" புரிய வேண்டுமென்றால் அவருடைய இளமைக்குப் போக வேண்டும். 1501இல் பதினைந்து வயதில் ஸ்பெயினிலிருந்து வந்தார். ஹென்றியின் அண்ணன் ஆர்தருக்கு மணமுடித்தார்கள். ஐந்தே மாதத்தில், 1502 ஏப்ரலில், ஆர்தர் இறந்துவிட்டார். பேசியிருந்த வரதட்சணை 2,00,000 கிரவுன். அதில் பாதி வந்திருந்தது. பெண்ணைத் திருப்பி அனுப்பினால் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொண்டால் மீதி வரும். மாமனார் ஏழாம் ஹென்றி வைத்துக்கொண்டார். சோற்றுக்குக் கொடுக்கத் தயங்கினார். அப்பா பெர்டினாண்டும் பணம் அனுப்பவில்லை. ஏழு ஆண்டுகள் அந்தப் பெண் இப்படி நடுவில் தொங்கினார். அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், உள்ளாடைக்குக்கூட வழியில்லை, வளையல்களை விற்று ஒரு கறுப்பு வெல்வெட் உடை வாங்கினேன், ஸ்பெயினை விட்டு வந்த பிறகு எனக்குக் கிடைத்தவை இரண்டே புது உடைகள் என்று எழுதுகிறார். ஸ்பெயின் இளவரசி எழுதிய வரிகள் இவை. வரதட்சணை பாக்கிக்காக மருமகள் படும் பாடு நமக்குத் தெரியாததா?

அந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன்: காத்திருந்தால், விட்டுக்கொடுக்காமல் இருந்தால், கிடைக்கும். 1507இல் அப்பா அவரையே இங்கிலாந்தில் தன் தூதராக நியமித்தார். 1509 ஜூன் 11ஆம் தேதி பதினேழு வயது ஹென்றி அவரை மணந்தார். 1513இல் ஹென்றி பிரான்சில் போருக்குப் போனபோது நாட்டைக் காத்தரின் பொறுப்பில் விட்டுச் சென்றார். அந்தச் செப்டம்பரில் பிளாடன் போரில் ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸ் கொல்லப்பட்டார். அவருடைய மேலங்கியைக் கணவருக்கு வெற்றிச் சின்னமாக அனுப்பிவைத்தவர் காத்தரின். ஒடுங்கிய மனைவி என்று படங்களில் காட்டப்படுபவரை இந்த நிகழ்ச்சியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆறு முறையாவது கருவுற்றார். 1511 புத்தாண்டு அன்று பிறந்த ஆண் குழந்தை 52 நாள் இருந்தது. பிழைத்தது 1516இல் பிறந்த மேரி மட்டும். 1528இல் போப்பின் தூதராக வந்த கர்தினால் கம்பெஜோ காத்தரினிடம் வைத்த யோசனைதான் நீங்கள் கேட்கும் "சரி". துறவற மடத்துக்குப் போய்விடுங்கள், கௌரவமாக ஒதுங்கிக்கொள்ளலாம், எல்லாருக்கும் நல்லது என்றார். பிரான்சின் ழான் அப்படித்தான் முடித்திருந்தார்; விசாரணையில் அவமானப்பட்ட பின் தீர்ப்பை ஏற்று, பூர்ஜ் நகரில் ஒரு துறவியர் சபையைத் தொடங்கினார். ஆனால் ழானுக்குக் குழந்தை இல்லை. காத்தரின் "சரி" என்று சொன்னால், இருபது ஆண்டு வாழ்க்கை வெறும் பாவம் என்று அவரே கையெழுத்துப் போட்ட மாதிரி. பன்னிரண்டு வயது மகள் ஒரே நாளில் முறைதவறிப் பிறந்தவள் ஆவாள், அரியணை உரிமை போய்விடும். ஆர்தருடன் தாம்பத்தியம் நடக்கவே இல்லை என்று சத்தியம் செய்திருந்த பக்திமானுக்கு, மாற்றிச் சொல்வது ஆன்மாவையே அடகு வைப்பது. 1529 ஜூனில் பிளாக்பிரையர்ஸ் நீதிமன்றத்தில் ஹென்றியின் காலடியில் மண்டியிட்டு அவர் பேசிய பேச்சு புகழ்பெற்றது. பேசி முடித்ததும் எழுந்து நடந்துவிட்டார். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை.

போப் கொடுக்க மறுத்த தீர்ப்பை 1533 மே மாதம் இங்கிலாந்தின் பேராயர் கிரான்மரே கொடுத்தார்: திருமணம் செல்லாது. அந்த ஜூலையில், "இனி நீங்கள் ராணி இல்லை, ஆர்தரின் விதவை, அந்தப் பட்டத்தைத்தான் பயன்படுத்த வேண்டும்" என்று சொல்ல ஆட்கள் வந்தார்கள். அவர்கள் எழுதிய அறிக்கையைக் காத்தரின் வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து, "விதவை இளவரசி" என்ற சொற்கள் வரும் இடத்தையெல்லாம் அடித்தார். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது, பேனா கீறிய தடத்தோடு. உங்கள் கேள்வியில் வரும் பிடிவாதம் என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் கீறல்தான்.

அவருக்கு வலு சார்ல்ஸ் என்றேன். அந்த வலு எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சார்ல்ஸ் போப்பைத் தடுத்தார், கடிதங்கள் எழுதினார். சித்திக்காகப் படை அனுப்பவில்லை. சார்ல்ஸின் தாய், அதாவது காத்தரினின் அக்கா ஹுவானா, காஸ்டில் நாட்டின் சட்டப்படியான ராணி. அவரைப் பித்துப்பிடித்தவர் என்று சொல்லி 1509இல் டோர்டெசியாஸ் அரண்மனையில் அடைத்தவர் அப்பா பெர்டினாண்ட். தொடர்ந்து அடைத்து வைத்திருந்தவர் மகன் சார்ல்ஸ். 1555இல் இறக்கும் வரை அங்கேயேதான். ஹுவானாவின் மனநிலை உண்மையில் எப்படி இருந்தது என்பதில் ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பிறந்த வீடு அரணாகவும் இருக்கும், சிறையாகவும் ஆகும் என்பதற்கு ஒரே குடும்பத்தின் இந்த இரண்டு சகோதரிகளே போதும். காத்தரின் 1536 ஜனவரி 7ஆம் தேதி கிம்போல்டனில் இறந்தார். தலை வெட்டப்படவில்லை. பேரரசரின் சித்தியை வெட்ட முடியாது.

இரண்டாவது மனைவி ஆன் பொலினுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் ஹென்றியின் குடிமகள். அப்பா, சகோதரர், மாமா எல்லாரும் அரசர் போட்ட சோற்றில் இருந்தவர்கள். அவரைப் பற்றி இணையத்தில் சுற்றும் பலவும் நம்பத்தக்கவை அல்ல. ஆறு விரல் கதையைப் பரப்பியது நிக்கோலஸ் சாண்டர் என்ற கத்தோலிக்க எழுத்தாளரின் நூல். அது வெளிவந்தது 1585இல், ஆன் இறந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு. அவர் பிறந்த ஆண்டே 1501 என்று ஒரு தரப்பு, 1507 என்று ஒரு தரப்பு. உறுதியானவற்றில் எனக்கு மிகவும் பிடித்த சான்று மிகச் சிறியது. 1533 செப்டம்பர் 7ஆம் தேதி குழந்தை பிறப்பதற்கு முன்பே, நல்ல செய்தி சொல்லும் கடிதங்களை எழுத்தர்கள் தயாராக எழுதி வைத்திருந்தார்கள். "இளவரசன்" என்று எழுதியிருந்தது. பிறந்தது எலிசபெத். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசியில் "எஸ்" என்ற ஒரே எழுத்தை நெருக்கிச் செருகினால் அக்கால எழுத்துமுறையில் "இளவரசி" ஆகிவிடும். அப்படியே செருகி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்துக்கு இடம் போதாமல் இடுங்கி நிற்பதைப் படத்தில் பார்த்தபோது, அதன் பின் மூன்று ஆண்டுகளில் நடந்ததெல்லாம் அதற்குள் இருப்பதாகப் பட்டது.

காத்தரின் உயிரோடு இருந்தவரை ஆனை விலக்குவது ஹென்றிக்குச் சிக்கல். விலக்கினால் முதல் மனைவியிடம் திரும்பிப் போ என்பார்கள். 1536 ஜனவரியில் காத்தரின் இறந்தார். அவருடைய உடலை அடக்கம் செய்த ஜனவரி 29ஆம் தேதியே ஆனுக்குக் கரு கலைந்தது என்று ஷாப்புயி எழுதுகிறார். மே 2ஆம் தேதி கைது, 15ஆம் தேதி விசாரணை, 19ஆம் தேதி மரணம். பதினேழே நாள். ஐந்து ஆண்களோடு கள்ள உறவு வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டினார்கள், அதில் ஒருவர் சொந்தச் சகோதரர் ஜார்ஜ். ஒப்புக்கொண்டவர் இசைக் கலைஞர் மார்க் ஸ்மீட்டன் ஒருவர் மட்டும். குற்றப்பத்திரிகையில் வரும் முதல் தேதி 1533 அக்டோபர் 6, இடம் வெஸ்ட்மின்ஸ்டர். எலிசபெத் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்த நாளில் ஆன் கிரீனிச்சில் பிள்ளை பெற்ற அறையில் இருந்தார். இப்படிப் பொருந்தாத தேதிகள் இன்னும் உண்டு. அதனால் குற்றச்சாட்டு புனையப்பட்டது என்று பெரும்பாலான ஆய்வாளர்களைப் போல நானும் கருதுகிறேன். ஆனால் புனைந்தது யார், அரசரா, அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லா, அரசர் உண்மையிலேயே நம்பினாரா என்பதெல்லாம் இன்னும் தீராத வாதங்கள். அதில் அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு நேரடியாக வரும் இடம் இதுதான். லண்டன் டவர் கோட்டையின் காவலர் சர் வில்லியம் கிங்ஸ்டன், ஆன் பேசியதையெல்லாம் குரோம்வெல்லுக்கு எழுதி அனுப்பினார். 1731இல் நடந்த தீ விபத்தில் அந்தக் கடிதங்களின் ஓரங்கள் கருகிவிட்டன, பல வரிகளில் பாதிச் சொற்கள் இல்லை. மிஞ்சியவற்றில் மே 16ஆம் தேதிக் கடிதம் ஒன்று. அன்று பேராயர் கிரான்மர் ஆனைப் பார்க்க வர வேண்டிய நாள். அன்று சாப்பாட்டு நேரத்தில் ஆன், தான் ஆன்ட்வெர்ப்புக்குப் போகப் போவதாகச் சொன்னாராம். உயிர் பிழைக்கும் நம்பிக்கையில் இருக்கிறார் என்கிறார் கிங்ஸ்டன். மறுநாள், மே 17ஆம் தேதி, திருமணம் செல்லாது என்று கிரான்மர் தீர்ப்பளித்தார். "சம்மதித்தால் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்று யாராவது ஆசை காட்டினார்களா? இடையில் நடந்த பேச்சு எந்தத் தாளிலும் இல்லை, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அது சரியென்றால், ஆன் பொலின் "சரி" என்று சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தலை போனது. அவர் மனைவியே இல்லை என்றால் கணவனுக்குத் துரோகம் எப்படிச் செய்திருக்க முடியும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அரசரைக் கொல்லச் சதி என்ற குற்றமும் சேர்ந்திருந்ததால் கேட்கவும் தேவைப்படவில்லை.

விசாரணைக்குத் தலைமை தாங்கித் தண்டனையை வாசித்தவர் அவருடைய தாய்மாமன் நார்போக் பிரபு. உடன் குற்றம் சாட்டப்பட்ட நான்கு ஆண்களை விசாரித்த குழுவில் அவருடைய அப்பா பெயரும் இருந்தது. "எனக்குச் சிறிய கழுத்துதான்" என்று சொல்லி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பற்றிக்கொண்டு ஆன் சிரித்ததை கிங்ஸ்டன் எழுதியிருக்கிறார். வெட்டுவதற்குக் கலேயிலிருந்து வாள் வீசுபவரை வரவழைத்தவர்கள், சவப்பெட்டிக்கு ஏற்பாடு செய்யவில்லை. அம்புகள் வைக்கும் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

ஐந்தாவது மனைவி காத்தரின் ஹோவர்டின் கதையை நடத்தும்போது வகுப்பு எப்போதும் அமைதியாகிவிடும், ஏனென்றால் அவருக்கு மாணவர்களின் வயது. பிறந்த ஆண்டு பதிவாகவில்லை. 1521க்கும் 1525க்கும் இடையில் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1540 ஜூலை 28ஆம் தேதி 49 வயது ஹென்றியை மணந்தார். ஆன் பொலினின் மாமா நார்போக் பிரபுதான் இவருக்குப் பெரியப்பா. தாயில்லாமல், பாட்டி முறையான ஒரு சீமாட்டியின் கூட்டம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர். அங்கே இசை ஆசிரியர் மேனக்ஸ், அப்புறம் பிரான்சிஸ் டெரெம் என்று இருவர் அவரிடம் நடந்துகொண்டதை அந்தக் காலத்துப் பதிவுகள் ஒழுக்கக்கேடு என்று எழுதின. இன்று படிக்கிறவர்கள் அதில் ஒரு சிறுமியைப் பாதுகாக்காத வீட்டைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன்.

1541 நவம்பரில் விஷயம் வெளிவந்ததும் கிரான்மர் அவரை விசாரிக்கப் போனார். அரசருக்கு அவர் எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. முதலில் குற்றத்தின் கனத்தைச் சொல்லி, பிறகு சட்டத்தைச் சொல்லி, கடைசியில் அரசரின் கருணையைச் சொல்ல வேண்டும் என்று திட்டமிட்டுப் போனாராம். அந்தப் பெண் இருந்த நிலையைப் பார்த்து வரிசையைத் தலைகீழாக மாற்றி, கருணையில் தொடங்கினாராம். இல்லையென்றால் அவருக்குப் பித்தே பிடித்திருக்கும் என்கிறார். கொஞ்சம் தேறி வந்தவர் மாலை ஆறு மணிக்கு மறுபடி உடைந்து அழுதார். ஏன் என்று கேட்டபோது, தினமும் அந்த நேரத்துக்குத்தான் ஹெனேஜ் என்ற அரண்மனை அதிகாரி அரசரிடமிருந்து சேதி கொண்டுவருவார் என்று சொல்லியிருக்கிறார்.

இவருக்கும் ஒரு வாசல் இருந்தது. "டெரெமும் நானும் ஒருவரையொருவர் கணவன் மனைவி என்று வாக்குக் கொடுத்திருந்தோம்" என்று ஒப்புக்கொண்டிருந்தால், அக்காலத் திருச்சபைச் சட்டப்படி அதுவே திருமணத்துக்குச் சமம். ஹென்றியுடன் நடந்த திருமணம் செல்லாது. கிரான்மரின் கேள்விகள் அந்தப் பக்கமே போயின. காத்தரின் மறுத்துவிட்டார், வாக்கு எதுவும் இல்லை, டெரெம் தன்னை வற்புறுத்தினான் என்றே சொன்னார். புரியாமல் மறுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். ராணிப் பட்டத்தை விட மனமில்லை என்று சிலர். பக்கத்தில் ஒரு வழக்கறிஞரோ விவரம் தெரிந்த பெரியவரோ இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஒப்புக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாரா? ஆன் பொலினுக்கு நடந்ததை வைத்துப் பார்த்தால் அதையும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். அரசரின் அந்தரங்கப் பணியாளர் தாமஸ் கல்பெப்பரை இரவில் சந்தித்ததும், அவருக்குக் காத்தரின் கைப்பட எழுதிய கடிதமும் வேறு மாட்டிக்கொண்டன. நீதிமன்ற விசாரணையே இல்லாமல் நாடாளுமன்றத்தில் சட்டம் போட்டு 1542 பிப்ரவரி 13ஆம் தேதி கொன்றார்கள். "ராணியாகச் சாகிறேன், கல்பெப்பரின் மனைவியாகச் செத்திருந்தால் மேல்" என்று அவர் சொன்னதாக வரும் வசனத்துக்கு நேரில் பார்த்தவரின் சான்று கிடையாது. பெரியப்பா நார்போக் செய்தது என்ன? தன் உடன்பிறந்தவர்களின் மகள்கள் இருவரும் செய்த அருவருப்பான காரியங்களுக்காக வருந்துவதாக அரசருக்குக் கடிதம் எழுதி ஒதுங்கிக்கொண்டார்.

வெட்டப்பட்ட இருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒன்று மறந்துபோகும். அந்தக் காலத்தில் ராணிகளை அதிகம் கொன்றது கோடரி அல்ல, பிரசவம். மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் 1537 அக்டோபர் 12ஆம் தேதி ஆண் வாரிசைப் பெற்றுக்கொடுத்துப் பன்னிரண்டாம் நாள் இறந்தார். வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள் என்பது கட்டுக்கதை. அப்படிச் செய்திருந்தால் பன்னிரண்டு நாள் இருந்திருக்க மாட்டார். ஹென்றியின் தாய் யார்க் எலிசபெத் பிள்ளை பெற்ற சில நாளில் தன் 37ஆவது பிறந்தநாளிலேயே இறந்தார். ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் எந்த மனைவியையும் தண்டித்தவர் அல்ல. ஆனாலும் நான்கு மனைவிகளை அடக்கம் செய்தார். முதல் மனைவி மரியா மனுவேலா பதினேழு வயதில் பிள்ளை பெற்ற நான்காம் நாள் போனார், மூன்றாமவர் எலிசபெத் குறைப்பிரசவத்தில். "சரி" என்பதற்கும் "முடியாது" என்பதற்கும் அங்கே இடமே இல்லை.

ஆறாவது மனைவி காத்தரின் பார் படித்தவர். இங்கிலாந்து ராணிகளில் தன் பெயரிலேயே நூல் வெளியிட்ட முதல் ஆள். 1546இல் மத விஷயத்தில் அரசரோடு வாதம் செய்ததால் கைது ஆணை தயாரானது என்றும், அது தெரிந்ததும் அரசரிடம் போய், "உங்கள் கால் வலியை மறக்கடிக்கவும், உங்களிடம் கற்றுக்கொள்ளவும்தான் பேசினேன்" என்று பணிந்து தப்பினார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் ஜான் பாக்ஸ் என்ற புராட்டஸ்டண்ட் எழுத்தாளர் ஒருவர்தான், அதுவும் பல ஆண்டு கழித்து எழுதியது. நடந்திருக்கக்கூடியது என்று நினைக்கிறேன். விவரங்களுக்கு உத்தரவாதம் தர மாட்டேன். ஹென்றியிடமிருந்து தப்பியவர் மறுமணம் செய்து, பெண் குழந்தை பெற்ற ஆறாம் நாள், 1548 செப்டம்பரில், அதே பிரசவத்தால் இறந்தார்.

இனி கிளீவ்ஸ் ஆன். அவருடைய "சரி" ஏன் செல்லுபடியானது? குழந்தை இல்லை, அதனால் யாருடைய உரிமையும் பறிபோகவில்லை. தம்பி ஜெர்மானியப் பகுதியில் ஆளும் பிரபு. அக்காவைக் கொன்றால் அரசியல் சங்கடம், ஆனால் அக்காவுக்காகச் சண்டைக்கு வரும் அளவு பெரியவரும் அல்ல. சிறுவயதில் லொரேன் பிரபுவின் மகனுக்குப் பேசி வைத்திருந்த பழைய ஒப்பந்தம் ஒன்றும் கையில் கிடைத்தது. 1540 ஜனவரி 6ஆம் தேதி கல்யாணம், ஜூலை 9ஆம் தேதி செல்லாது என்ற தீர்ப்பு. ஹென்றியின் கோபமெல்லாம் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த குரோம்வெல் மேல் திரும்பியது, அவர் தலை போனது. ஆனை அரசர் "பிளாண்டர்ஸ் குதிரை" என்று திட்டினார் என்பது ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. அதை வைத்து அவருடைய தோற்றத்தை யாரும் எடைபோட வேண்டாம்.

அந்த "சரி"யும் சும்மா வந்ததில்லை. வாயால் சொன்னது போதாது, தம்பிக்கு அவருடைய மொழியிலேயே எழுதித் தர வேண்டும் என்று ஹென்றி வற்புறுத்தினார். மொழி சரியாகப் பிடிபடாத நாட்டில், ஆறே மாதத்தில், காத்தரினுக்கும் ஆன் பொலினுக்கும் நடந்தது தெரிந்த 24 வயதுப் பெண் கையெழுத்துப் போட்டார். "கிளீவ்ஸின் மகள் ஆன்னா" என்று எழுதி, மோதிரத்தையும் திருப்பி அனுப்பி, உடைத்துவிடுங்கள் என்றார். பதிலுக்கு ரிச்மண்ட் மாளிகை, ஹீவர் கோட்டை, ஆண்டுக்கு 3,000 பவுண்டுக்கு மேல் வரும் நிலங்கள், "அரசரின் சகோதரி" என்ற அந்தஸ்து எல்லாம் கிடைத்தன. நாட்டை விட்டுப் போகக் கூடாது என்பது நிபந்தனை. ஹீவர் யாருடைய வீடு தெரியுமா? ஆன் பொலின் வளர்ந்த வீடு. நிம்மதியாக வாழ்ந்தார் என்கிறீர்கள். ஹென்றி இருந்தவரை ஓரளவு உண்மை. 1541 புத்தாண்டுக்கு ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு வந்து, தன் இடத்துக்கு வந்த காத்தரின் ஹோவர்டோடு சேர்ந்து நடனமாடினார். ஹென்றி இறந்தபின் அவருடைய மகன் எட்வர்டின் ஆட்சியில் வீடுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், பணத்துக்குத் திண்டாடினார். ஊருக்குப் போக ஏங்கியும் போக முடியவில்லை.

1553 செப்டம்பர் 30ஆம் தேதி, காத்தரின் விட்டுக்கொடுக்க மறுத்த அந்த மகள் மேரி, முடிசூட லண்டன் தெருக்கள் வழியாக ஊர்வலம் போனார். பின்னால் வந்த வண்டியில் இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். ஒருவர் ஆன் பொலினின் மகள் எலிசபெத், இன்னொருவர் கிளீவ்ஸ் ஆன். நான்கு ஆண்டு கழித்து, 1557 ஜூலையில் ஆன் செல்சியில் இறந்தார். உயிலில் மேரிக்கும் எலிசபெத்துக்கும் தலா ஒரு நகை எழுதிவைத்தார். கூடவே, தன்னிடம் வேலை செய்த ஏழைப் பணியாளர்களைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி இருவரையும் கேட்டுக்கொண்டார்.